லிப்பிடு குமிழிகளும் நுண்கால்வாய்ச் சில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலிருந்தும், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அப்புறமுள்ள பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் வரும் முதுகலை மாணவர்களுக்கு, நுண்கால்வாய்ச் சில்லில் லிப்பிடு குமிழி செய்வதைப் பற்றிச் சில ஆண்டுகளாகக் கொழிஞ்சாம்பாறையில் ஞாயிறுதோறும் தமிழில் வகுப்பு எடுத்துவருகிறேன். செய்முறை ஆய்வகத்தில் நடக்கும். அதற்கு முந்தைய விளக்கம் இங்கே. ஒவ்வோர் ஆண்டும் அதே ஐயங்கள் வருவதால், கேட்டவர்களின் வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மலையாள வழியில் படித்தவர்கள் ‘கோசம்’ என்பதும் தமிழ் வழியில் படித்தவர்கள் ‘செல்’ என்பதும் ஒன்றுதான். இங்கே செல் என்றே எழுதுகிறேன். ஆய்வகத்தில் ‘வெசிக்கிள்’ என்று சொல்லப்படுவதைக் குமிழி என்கிறேன். லிப்பிடு என்பது ஒரு முனையில் நீரை விரும்பும் தலையும் மறுமுனையில் நீரை வெறுக்கும் வால்களும் உள்ள கொழுப்பு வகை மூலக்கூறு. சில்லு என்பது மிகக் குறுகிய கால்வாய்கள் கொண்ட சிறு தகடு.

டீச்சர், லிப்பிடு குமிழின்னா சோப்புக் குமிழி மாதிரிதானே?

உருண்டையாக இருப்பதைத் தவிர மற்றவற்றில் நேர்மாறானது. சோப்புக் குமிழியின் உள்ளும் புறமும் காற்று. நடுவில் மெல்லிய நீர்ப்படலம். அதன் இரு முகங்களிலும் சோப்பு மூலக்கூறுகள் நீரை வெறுக்கும் வால்களைக் காற்றின் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. லிப்பிடு குமிழியின் உள்ளும் புறமும் நீர். வால்கள் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாக மறைந்துகொள்ள, நீரை விரும்பும் தலைகள் இரு பக்கத்து நீரையும் தொட்டு நிற்கின்றன. இந்த இரட்டை அடுக்கின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர்தான். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்துள்ள சவ்வின் அடிப்படை அமைப்பும் இதுவே.

10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு குமிழியின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர மைக்ரோமீட்டர். ஒரு லிப்பிடு மூலக்கூறு அடைக்கும் இடம் சுமார் 0.7 சதுர நானோமீட்டர். இரு அடுக்குகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு குமிழிக்கு ஏறத்தாழ 90 கோடி மூலக்கூறுகள் வேண்டும். அவற்றை யாரும் அடுக்குவதில்லை; வால்கள் நீரிடமிருந்து ஒதுங்க முயலும்போது அடுக்கு தானே அமைந்துவிடுகிறது.

இதைச் செயற்கை செல் என்கிறார்களே, உயிர் இருக்குமா?

இருக்காது. நாம் செய்வது செல்லின் அளவும் செல்லின் சவ்வும் கொண்ட ஒரு கலம். அதற்குள் எதை வைக்கிறோமோ அது மட்டுமே அதன் வேலை. ‘செல் போன்ற குமிழி’ என்று சொல்வதே நேர்மையானது என்பது என் கருத்து. செயற்கை உயிரைப் பற்றிய செய்திகளில் வருவது பெரும்பாலும் வேறொரு வழி: 2016-இல் அமெரிக்காவின் கிரெய்க் வென்டர் நிறுவனத்தார், உயிருள்ள ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைக் குறைத்துக்கொண்டே வந்து, 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட பாக்டீரியாவை உருவாக்கினார்கள். அது மேலிருந்து கழித்துக்கொண்டே இறங்கும் வழி. நம்முடையது வெறும் நீரும் லிப்பிடும் கொண்டு கீழிருந்து கூட்டிக்கொண்டே ஏறும் வழி.

அந்த வழியில் எட்டிய தூரமும் சிறிதன்று. புரதம் தயாரிக்கத் தேவையான பொருள்களைத் தனித்தனியே தூய்மைப்படுத்திக் கலந்து செல்லுக்கு வெளியே புரதம் செய்யும் கலவையை 2001-இல் டோக்கியோவில் உருவாக்கினார்கள். 2004-இல் நோய்ரோவும் லிப்சேபரும் பாக்டீரியாச் சாற்றைக் குமிழிக்குள் அடைத்தார்கள். முதலில் சுமார் 5 மணி நேரத்தில் புரத உற்பத்தி நின்றுபோயிற்று. சவ்வில் துளையிடும் புரதம் ஒன்றையும் குமிழியே உள்ளே தயாரிக்கும்படி செய்தபோது, வெளியிலிருந்து ஊட்டப்பொருள் நுழைந்து உற்பத்தி 4 நாள் வரை நீண்டது.

கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது. நாம் செய்பவை பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரோமீட்டர் வரையிலானவை. இரத்தச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கியில் வட்டமாக, மெல்லிய விளிம்போடு தெரியும். லிப்பிடில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் ரோடமின் சாயம் ஒட்டிய லிப்பிடைக் கலந்து ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பு வளையமாகத் தெரியும்.

லிப்பிடைத் தண்ணீரில் போட்டாலே தானா குமிழி வரும்னு புத்தகத்துல இருக்கு. அப்புறம் சில்லு எதுக்கு?

புத்தகத்தில் உள்ளது சரிதான். கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாமில் இருந்த அலெக் பாங்கம், 1960-களின் முற்பகுதியில், லெசித்தின் என்ற லிப்பிடின் உலர்ந்த படலத்தில் நீர் பட்டதும் அது வெங்காயத் தோல்போல அடுக்கடுக்கான உருண்டைகளாக மாறுவதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். 1986-இல் ஆஞ்செலோவாவும் டிமிட்ரோவும் அதே போன்ற படலத்தின் மீது மின்புலம் செலுத்திப் பெரிய, ஒற்றைச் சவ்வுக் குமிழிகளை வளர்த்தெடுத்தார்கள். இன்றும் சவ்வை மட்டும் ஆராய்பவர்களுக்கு அந்த முறையே போதும், எளிதும் கூட.

குறை எங்கே வருகிறது என்றால், அந்தக் குமிழிகளுள் ஒன்று 3 மைக்ரோமீட்டர், அடுத்தது 60. ஒன்றின் உள்ளே இன்னொன்று. சில வெறும் கொழுப்புக் கட்டி. உப்பு அதிகமுள்ள கரைசலில் மின்புல முறை தடுமாறுகிறது. உள்ளே அடைக்க விரும்பும் புரதத்தையோ டிஎன்ஏவையோ முழுக் கரைசலிலும் கரைக்க வேண்டியிருப்பதால், விலையுயர்ந்த நொதியில் பெரும்பகுதி குமிழிக்கு வெளியே வீணாகிறது. சில்லில் உட்கரைசல் தனிக் கால்வாயில் வருகிறது. ஆகவே அது குமிழிக்குள் மட்டுமே போகிறது. ஒரு மைக்ரோலிட்டர் உட்கரைசலிலிருந்து, கணக்குப்படி, 10 மைக்ரோமீட்டர் குமிழிகள் 19 இலட்சம் செய்யலாம்.

சில்லுக்குள்ள உண்மையில என்னதான் நடக்குது? படத்தைப் பார்த்தா ஒண்ணும் புரியலை.

நிழல்படத்தில் புரியாது, நுண்ணோக்கியில் ஓடும்போது பார்த்தால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். எழுத்தில் சொல்ல முயல்கிறேன். விரல் நீளக் கண்ணாடித் தகட்டின் மேல் தெளிந்த ரப்பர்ப் பாளம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பாளத்தின் அடியில் தலைமயிரைவிடக் குறுகலான கால்வாய்கள். ஒரு கால்வாயில் உட்கரைசல், அதன் இரு பக்கத்துக் கால்வாய்களில் லிப்பிடு கரைந்த எண்ணெய், அவற்றுக்கும் வெளியே இரு பக்கத்தில் வெளிக்கரைசல், இவை ஐந்தும் ஓரிடத்தில் கூட, ஆறாவது கால்வாய் வெளியேறும் வழியாகிறது. இவ்வளவு குறுகிய இடத்தில் நீர் சுழிப்பதில்லை. ஓட்டம் சுழிக்குமா என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் ஒன்றுக்கும் கீழே இருப்பதால் ஓட்டங்கள் கலக்காமல் பக்கம்பக்கமாக வழுக்கிச் செல்கின்றன.

சந்திப்பில் உட்கரைசல் நூல்போல நீள்கிறது. எண்ணெய் அதைச் சுற்றி உறையிடுகிறது. வெளிக்கரைசல் இரு பக்கமும் நெருக்கி அந்த உறையிட்ட நூலை ஒரே கால இடைவெளியில் கத்தரிக்கிறது. கத்தரிக்கப்பட்ட ஒவ்வொரு துளியும் நீரைச் சுற்றி எண்ணெய், எண்ணெயைச் சுற்றி நீர் என்ற இரட்டைப் பால்மம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நுங்கு என்றால் போதும்: நடுவில் நீர், சுற்றிச் சதை. அந்தச் சதைதான் எண்ணெய். எண்ணெயின் உள்முகத்திலும் வெளிமுகத்திலும் லிப்பிடு ஒவ்வோர் அடுக்காக அணிவகுத்துவிட்டது. இனி நடுவிலுள்ள எண்ணெய் விலகினால் இரு அடுக்குகளும் ஒட்டிச் சவ்வாகும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் தேஷ்பாண்டே, டெக்கர் முதலியோர் 2016-இல் வெளியிட்ட முறையில் எண்ணெய்க்குப் பதில் ஆக்டனால் என்ற ஆல்கஹால் பயன்படுகிறது. துளி கால்வாயில் போய்க்கொண்டிருக்கும்போதே ஆக்டனால் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பிறைபோலத் திரள்கிறது; சில நிமிடங்களில் அந்தப் பிறை தனித்துளியாகக் கழன்று விழ, ஒற்றைச் சவ்வுக் குமிழி மிஞ்சுகிறது. அவர்கள் பெற்றவை 5 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை. நான் மாணவர்களுக்கு முதலில் கற்பிப்பது இம்முறையையே.

எண்ணெய் போயிடுச்சுன்னு எப்படி நம்புறது? கொஞ்சம் ஒட்டியிருந்தா?

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனெனில் துளி செய்வதில் பெரிய வித்தை இல்லை. எண்ணெயை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதில்தான் ஒரு முறை இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. ஆக்டனால் நீரில் மிகச் சிறிதளவு கரையும்; லிட்டருக்கு அரை கிராம் அளவு. பிறை கழன்ற பின்னும் சவ்வின் வால்களுக்கிடையே சில ஆக்டனால் மூலக்கூறுகள் தங்கும் என்றே கொள்ள வேண்டும். அவை சவ்வை இளக்கமாக்கக்கூடும். புரதம் செய்யும் சோதனைக்கு அது பெரும்பாலும் பொருட்டல்ல; சவ்வின் விறைப்பை அளக்கும் சோதனைக்கு அதுவே முதல் பொருட்டு. அப்படிப்பட்ட அளவீடு வேண்டுமானால் மின்புல முறைக் குமிழியோடு ஒப்பிடாமல் எண்ணை எழுதாதீர்கள்.

இன்னொரு வழி குளோரோஃபார்மும் ஹெக்சேனும் கலந்த கரைப்பான். குளோரோஃபார்மில் லிப்பிடு நன்றாகக் கரையும், ஹெக்சேனில் நன்றாகக் கரையாது. குளோரோஃபார்ம் முதலில் நீருக்குள் ஊடுருவி வெளியேற, மிச்சமுள்ள ஹெக்சேனில் இருக்கப் பிடிக்காத லிப்பிடு அடுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கரைப்பான் ஒரு மூலையில் ஒதுங்கி வில்லைபோல் ஒட்டிக்கொண்டோ கழன்றோ போகிறது. நுண்ணோக்கியில் குமிழியின் ஓரத்தில் பளிச்சென்ற பொட்டு தெரிந்தால் அது அந்த வில்லைதான்.

அப்ப குளோரோஃபார்மையே நம்ம ரப்பர்ச் சில்லுல விடலாமே?

விடக் கூடாது. அந்த ரப்பர் பிடிஎம்எஸ் என்னும் சிலிகோன். குளோரோஃபார்ம், ஹெக்சேன், டொலுவீன் மூன்றிலும் அது ஊறிப் பெருத்துக் கால்வாயே மூடிக்கொள்ளும். ஆக்டனாலில் மிகக் குறைவாகவே ஊறும். அந்த முறை பரவலானதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றக் கரைப்பான்களுக்குக் கண்ணாடி நுண்குழாய்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகிச் செய்த கருவி வேண்டும்.

சில்லை நாமளே செய்ய முடியுமா, வாங்கித்தான் ஆகணுமா?

அச்சு ஒன்று கையில் இருந்தால் சில்லு செய்வது சமையலறை வேலைதான். அச்சு என்பது சிலிக்கன் தகட்டின் மேல் ஒளிப்படிவு முறையில் எழுப்பிய கால்வாய் மேடுகள். அதற்குத் தூசியற்ற அறை வேண்டும், அதை ஒருமுறை வெளியே செய்து வாங்கிக்கொள்ளலாம். பிடிஎம்எஸ் கூழையும் கெட்டியாக்கியையும் 10-க்கு 1 என்ற எடையில் கலக்கிக் காற்றுக் குமிழி போகும்வரை வெற்றிடத்தில் வைத்து, அச்சில் ஊற்றிச் சூட்டடுப்பில் இறுகவிட்டு, உரித்து, துளையிட்டு, பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற வளிமத்தில்) காட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் சில்லு தயார். ஒரே அச்சில் இட்லித் தட்டுபோல மீண்டும் மீண்டும் வார்க்கலாம்.

பலர் தவறவிடுவது அடுத்த படி. பிளாஸ்மா பட்ட சுவர் நீரை விரும்பும். ஆனால் சில மணி நேரத்திலேயே மெல்ல மெல்ல நீரை வெறுக்கும் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். வெளியேறும் கால்வாயின் சுவர் நீரை வெறுத்தால், எண்ணெய் உறை சுவரில் ஒட்டிக் கிழிந்து, துளி உடையும். ஆகவே ஒட்டிய கையோடு, சந்திப்புக்குப் பிந்தைய கால்வாயில் மட்டும் பாலிவினைல் ஆல்கஹால் கரைசலைச் செலுத்திப் பூசி, மீதத்தை உறிஞ்சியெடுத்துச் சூட்டில் உலர்த்த வேண்டும். எண்ணெய்க் கால்வாய்க்குள் அந்தப் பூச்சு ஏறிவிடாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றழுத்தம் கொடுத்து நிறுத்துவோம். பூச்சின் முனை சந்திப்பில் சரியாக நிற்பதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே செய்வது ஒன்றே வழி. முதல் நான்கைந்து சில்லுகள் கெடும், அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எந்த லிப்பிடு வாங்கணும்? முட்டை மஞ்சக்கருவுல எடுக்க முடியாதா?

எடுக்க முடியும், பாங்கம் பயன்படுத்திய லெசித்தினும் முட்டையிலிருந்து வந்ததே, நாமக்கல் முட்டை வண்டிகளோ வாளையார் வழியே வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் மஞ்சள்கருவிலிருந்து வருவது பல வால் நீளங்களின் கலவை, அதோடு கொழுப்பும் கொலஸ்டிராலும். சந்திப்பில் துளி கத்தரிபடுவது லிப்பிடின் அளவையும் தூய்மையையும் பொறுத்தது என்பதால், தொடக்கத்தில் டிஓபிசி அல்லது பிஓபிசி என்ற தூய லிப்பிடையே வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் வெப்பம். ஒவ்வொரு லிப்பிடுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு; அதற்குக் கீழே அதன் வால்கள் உறைந்து சவ்வு விறைத்துவிடும். டிஓபிசிக்கு அது −17 டிகிரி, பிஓபிசிக்கு −2, டிஎம்பிசிக்கு 24, டிபிபிசிக்கு 41. மீனாட்சிபுரத்திலிருந்து வந்த ஒரு மாணவர் டிஎம்பிசியை எடுத்துக்கொண்டு, காலையில் குளிரூட்டிய அறையில் ஒன்றும் வராமல், பிற்பகலில் மின்சாரம் போய் அறை சூடானதும் அழகாகக் குமிழி வந்ததைக் கண்டு, தம் கைராசி என்று நினைத்துக்கொண்டார். லிப்பிடைக் குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடிக் குப்பியில், மேலே நைட்ரஜன் நிரப்பி −20 டிகிரியில் வையுங்கள். பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கையும் கரைத்துச் சேர்த்துக்கொள்ளும்.

காலேஜ்ல போர் தண்ணிதான், ஆர்ஓ போட்டா போதுமா?

போதாது. சித்தூர்க் கிழக்குப் பகுதியின் ஆழ்குழாய் நீர் கடினநீர். அதிலுள்ள கால்சியம் எதிர்மின்னூட்டமுள்ள லிப்பிடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். வீட்டு ஆர்ஓ அதில் ஒரு பங்கை விட்டுவைக்கும், எவ்வளவு என்பது தினமும் மாறும். மின்தடை 18.2 மெகாஓம் உள்ள தூய நீரை ஆய்வகத்திலிருந்து குப்பியில் கொண்டுபோங்கள். ஒரு நாள் வேலைக்குச் சில மில்லிலிட்டர் போதும்.

குமிழி நல்லாத்தான் வருது அக்கா, அஞ்சு நிமிஷத்துல எல்லாம் காணாமப் போகுது. என்ன தப்பு?

பத்தில் எட்டு முறை சவ்வூடு பரவல். சவ்வு நீரை விடும், சர்க்கரையையும் உப்பையும் எளிதில் விடாது. உள்ளே கரைபொருள் அதிகமானால் நீர் உள்ளே நுழையும். சவ்வின் பரப்பு 5 விழுக்காடு அளவுக்கு விரிந்தாலே கிழியும். பரப்பில் 5 விழுக்காடு என்றால் கன அளவில் ஏழரை விழுக்காடு. அதாவது, உள்ளே 300 மில்லிஆஸ்மோலும் (கரைந்த துகள்களின் மொத்த எண்ணிக்கையை அளக்கும் அலகு) வெளியே 275-உம் இருந்தால் போதும், குமிழி தாங்காது. கிழிந்தது பெரும்பாலும் உடனே மூடிக்கொள்ளும், ஆனால் உள்ளிருந்ததில் ஒரு பங்கு கொட்டியிருக்கும்.

மாணவர்கள் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, மோலாரைச் சமமாக்கிவிட்டு ஆஸ்மோலை மறப்பது: சோடியம் குளோரைடு நீரில் இரண்டாகப் பிரிவதால் 150 மில்லிமோலார் உப்பு, 300 மில்லிமோலார் சர்க்கரைக்கு நெருங்கிய அழுத்தம் தரும். இரண்டாவது, ஆக்டனால் முறையில் துளி நிலைக்க உட்கரைசலில் 15 விழுக்காடு கிளிசரால் சேர்ப்போம். அது ஏறத்தாழ 2 மோலார். வெளிக்கரைசலில் அதைச் சேர்க்க மறந்தவர் குமிழி ஏன் வெடிக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. வெளிக்கரைசலில் போலோக்சமர் என்ற பாலிமர்ச் சோப்பும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எண்ணெய் கழல்வதற்கு முன்பே துளி உடையும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு, அது என்னுடையது. ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், குமிழிகளைத் திறந்த கிண்ணத்தில் வைத்துச் சன்னலையும் திறந்துவிட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அந்தச் சில மைக்ரோலிட்டர் நீர் எம்மாத்திரம். வெளிக்கரைசல் சுண்டி அடர்த்தியாக, உள்நீர் வெளியேறி, ஒரு மணி நேரத்தில் உருண்டைகள் எல்லாம் காற்றிறங்கிய பலூன்களாகத் துவண்டு தள்ளாடின. அன்றுமுதல் கிண்ணத்தின் மேல் கண்ணாடி வில்லை, சுற்றிலும் ஈரத்துணி.

கால்வாய் அடிக்கடி அடைச்சுக்குது. திருப்பிக் கழுவினா சரியாகுமா?

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் விடை தெரியும்: அடைத்த பின் அடிப்பதைவிட முன்னால் வடிகட்டுவது மலிவு. நீர்க்கரைசல்கள் இரண்டையும் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் விடுங்கள். துளையிட்டபோது உதிர்ந்த ரப்பர்த் துணுக்குகளை ஒட்டும் முன் ஒட்டுநாடாவால் எடுத்துவிடுங்கள். சிரிஞ்சுப் பம்பைவிடக் காற்றழுத்தக் கட்டுப்பாடு நல்லது. பம்பின் திருகு அடியடியாக நகர்வதால் ஓட்டம் துடிக்கும். ஆக்டனால் முறைக்கு 100 மில்லிபாருக்கும் குறைந்த அழுத்தமே போதும். அடைத்துவிட்ட சில்லை மீட்க ஒரு மணி நேரம் போராடாமல் புதிதை எடுங்கள்.

ஒரே அளவு குமிழின்னா உள்ள இருக்கற சரக்கும் ஒரே அளவுதானே?

கரைசல் அடர்த்தியாக இருந்தால் ஆம், மிக நீர்த்திருந்தால் இல்லை. 10 மைக்ரோமீட்டர் குமிழியின் கொள்ளளவு அரை பிகோலிட்டர் அளவு. அதில் 1 நானோமோலார் கரைசலை நிரப்பினால் சராசரியாக 315 மூலக்கூறுகள் இருக்கும். குமிழிக்குக் குமிழி ஏற்ற இறக்கம் சில விழுக்காடுதான். அதையே 1 பிகோமோலார் ஆக்கினால் மூன்று குமிழிக்கு ஒரு மூலக்கூறு. டிஎன்ஏவைச் சராசரி ஒன்று என்று கணக்கிட்டு ஊற்றினாலும் 37 விழுக்காடு குமிழிகளில் ஒன்றுகூட இருக்காது; சிலவற்றில் இரண்டு, மூன்று இருக்கும். பாதிக் குமிழி ஒளிரவில்லை என்று சில்லைக் குறைசொல்லும் முன் இந்தப் பாய்சான் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அகலம் குறைந்த கால்வாயில் பெரிய மூலக்கூறுகளும் நுண்மணிகளும் சுவரில் ஒட்டி, முதல் பத்து நிமிடக் குமிழிகளில் குறைவாகவும் பின்னர் அதிகமாகவும் போவதுண்டு. தொடக்கத்தில் வருவதைக் கொட்டிவிடுவது நல்லது.

ஒரே சவ்வுதான், ரெண்டு மூணு இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது?

இரு சோதனைகள் வழக்கத்தில் உள்ளன. குமிழிக்குள் சிறிய ஒளிரும் சாயத்தை அடைத்து, வெளியே ஆல்ஃபா ஹீமோலைசின் என்ற பாக்டீரியாப் புரதத்தைச் சேர்க்க வேண்டும். அந்தப் புரதத்தின் ஏழு அலகுகள் கூடி ஓர் இரட்டை அடுக்கைத் துளைக்கும் அளவுக்கே நீளமுள்ள துளையாகின்றன. சவ்வு ஒன்றே என்றால் சாயம் கசிந்து குமிழி மங்கும். அடுக்குகள் பல இருந்தாலோ, எண்ணெய்ப் படலம் இடையில் தங்கியிருந்தாலோ மங்காது. எண்ணெய் போயிற்றா என்ற மேலேயுள்ள கேள்விக்கும் ஆகவே இது ஒரு விடை.

மற்றது என்பிடி என்ற ஒளிரும் சாயம் ஒட்டிய லிப்பிடும், அந்தச் சாயத்தை அழிக்கும் டைத்தயனைட்டு என்ற வேதிப்பொருளும். டைத்தயனைட்டு சவ்வைக் கடப்பதில்லை என்பதால் வெளியடுக்கின் சாயத்தை மட்டும் அழிக்கும். ஒற்றைச் சவ்வில் ஒளி பாதியாகக் குறையும். பாதிக்கும் மேல் மிஞ்சினால் உள்ளே வேறு அடுக்குகள் இருக்கின்றன.

எங்ககிட்ட சென்ட்ரிஃபியூஜ் மட்டும்தான் இருக்கு. சில்லு இல்லாம முடியாதா?

முடியும், பல வேலைகளுக்கு அதுவே பொருத்தம். எண்ணெயில் நீர்த்துளிகளைக் குலுக்கி எடுத்து, எண்ணெயும் நீரும் சந்திக்கும் தளத்தில் நிற்கும் லிப்பிடு அடுக்கின் வழியே மையவிலக்கியால் கீழே இறக்கினால், துளி இரண்டாவது அடுக்கையும் போர்த்திக்கொண்டு குமிழியாகிறது. இதை 2003-இல் போத்தோ, ஃபிரிஸ்கன், வைட்ஸ் ஆகியோர் காட்டினார்கள். உட்கரைசலில் சுக்ரோசும் வெளியே குளுக்கோசும் வைத்தால் எடை வேறுபாட்டில் துளி தானாகவே இறங்கும். அளவு சீராக இராது. ஆனால் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம், உள்ளே அடைப்பதும் நன்றாக நடக்கும். சீரான அளவு உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால் சில்லுக்காக ஆறு மாதம் செலவிடாதீர்கள்.

கொரோனா ஊசியில இருந்ததும் இதுதானா?

நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் இல்லை. முன்னது அடினோவைரஸ், பின்னது செயலிழக்கச் செய்த வைரஸ். வெளிநாடுகளில் போட்ட எம்ஆர்என்ஏ ஊசிகளில் லிப்பிடு நுண்துகள் உண்டு. ஆனால் அது நூறு நானோமீட்டர் அளவில், நடுவில் நீர் நிரம்பிய அறை இல்லாமல், லிப்பிடும் ஆர்என்ஏவும் நெருங்கிக் கட்டிய உருண்டை. எத்தனாலில் கரைந்த லிப்பிடையும் அமிலக் கரைசலிலுள்ள ஆர்என்ஏவையும் மிக வேகமாகக் கலப்பதால் அது உருவாகிறது. அதற்கும் நுண்கால்வாய் பயன்படுவதுண்டு. நம் சில்லில் கலக்காமல் பார்த்துக்கொள்கிறோம், அதில் கலப்பதே நோக்கம்.

செல் ரெண்டாப் பிரியற மாதிரி குமிழியையும் பிரிக்க முடியுமா?

முடியும், ஆனால் வடிவக்கணிதம் குறுக்கே நிற்கிறது. ஓர் உருண்டையை, கன அளவு குறையாமல், இரு சம உருண்டைகளாக்கப் பரப்பு 26 விழுக்காடு கூட வேண்டும். சவ்வு 5 விழுக்காட்டுக்கு மேல் விரியாது என்று பார்த்தோம். ஆகவே புதிய லிப்பிடு சேர வேண்டும், அல்லது உள்நீர் குறைய வேண்டும். கொழுப்பமிலக் குமிழிகளுக்குக் கூடுதல் கொழுப்பமிலம் ஊட்டினால் அவை நூல்போல் நீண்டு, இலேசாக அசைத்தாலே துண்டுகளாகின்றன என்று சூவும் ஷோஸ்டாக்கும் 2009-இல் காட்டினார்கள். நாம் பயன்படுத்தும் டிஓபிசி போன்ற பாஸ்போலிப்பிடு குமிழிகளைச் சில்லிலேயே, ஒய் வடிவப் பிரிவின் கூரிய முனையில் மோதவிட்டு இரண்டாகப் பிளப்பதை டெல்ஃப்ட் குழுவினர் 2018-இல் செய்தார்கள்.

பரப்பு மாறாமல் சம பாதியாகப் பிரிய வேண்டுமானால் குமிழி தன் நீரில் சுமார் 29 விழுக்காட்டை இழந்திருக்க வேண்டும். உள்ளே 200 மில்லிஆஸ்மோல் என்றால், வெளியே 280 வரை மெதுவாக உயர்த்திக் குமிழியைத் துவளவிட்டு, அதன் பிறகு கூர்முனைக்கு அனுப்பலாம். சித்திரைக் காற்றில் என் கிண்ணத்தில் துவண்டுபோன குமிழிகள் அன்று அந்தப் பதத்தில்தான் இருந்தன. எனக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை, எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிவிட்டேன்.